அந்தப் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: மேடம், வணக்கம். கடலூர் முதுநகரில் போட் இன்ஜின் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவாள். அடுத்த வருஷம் ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நேர்காணலுக்கு போர்ட்ஃபோலியோ கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். ஒரு பயிற்சி மையத்தில் 35 ஆயிரம் கட்டினால் 20 படம் கொண்ட ஃபைலை அவர்களே தயார் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? அவள் இதுவரை வரைந்த 43 படங்களையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். கடைசிப் படம் பில்லின் பின்பக்கம் கிறுக்கியது, கணக்கில் சேர்க்க வேண்டாம். இதில் எவை தேறும்? இந்தப் படிப்பு சோறு போடுமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில்:

அண்ணா, வணக்கம்.

பணம் கட்ட வேண்டாம். தேதி நெருங்குகிறது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரணத்தையும் சொல்கிறேன். சேர்க்கை நேர்காணல்களில் சில வருஷம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் காலையில், ஒன்றரை மணி நேரத்துக்குள், மூன்று பிள்ளைகள் ஒரே தாத்தாவைக் கொண்டுவந்தார்கள். தலையில் முண்டாசு, முகமெல்லாம் சுருக்கம், வாயில் பீடி. மூன்று படத்திலும் பீடிப் புகை ஒரே பக்கமாகச் சுருண்டு போனது. மூன்றாவது பிள்ளையிடம், "யாருப்பா இந்தத் தாத்தா?" என்று கேட்டேன். "மாஸ்டர் கொடுத்த போட்டோ மேடம்" என்றான். மேஜையில் இருந்த தண்ணீர் ஜக்கைக் காட்டி, வரைந்து காட்டச் சொன்னோம். பத்து நிமிஷத்தில் வரைந்தான். கைப்பிடி சற்றுக் கோணல்தான், ஆனால் ஜக் ஜக்காக இருந்தது. எனக்கு அந்தத் தாத்தாவைவிட அதுதான் பிடித்தது. இருந்தாலும் ஃபைலைப் பார்த்த பிறகு, அந்த ஜக் படத்தையும் எங்களில் ஒருவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அவன் அப்பா காசு கொடுத்து வாங்கிய ஃபைல் அந்தப் பையனுக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

அடுத்தவர் கை பட்டால் தெரியாது என்று நினைக்காதீர்கள். வலது கையால் வரைகிறவர் வேகமாக ஷேடிங் போட்டால், கோடுகள் பெரும்பாலும் இடது கீழேயிருந்து வலது மேலாகச் சாய்ந்திருக்கும். இடக்கைக்காரருக்கு நேர் எதிர். உங்கள் மகளின் ஸ்டில் லைஃப், அதாவது பொருள்களை எதிரே வைத்து வரைந்த படங்கள் மூன்றில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாழைப்பழச் சீப்பில் கோடு ஒரு பக்கம் சாய்கிறது. பக்கத்தில் இருக்கும் சொம்பில் மறுபக்கம் சாய்கிறது, அழுத்தமும் கூடியிருக்கிறது. டிராயிங் மாஸ்டர் இடக்கைக்காரரா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல எண்ணத்தில்தான் "இங்கே கொஞ்சம் டார்க் போடணும்மா" என்று பென்சிலை வாங்கியிருப்பார். ஆனால் அந்தப் படம் இனி மகளுடையது இல்லை. எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு காரணம், நடைமுறை சார்ந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் போவது சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளுக்கு, அல்லது பக்கத்திலேயே புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கூடத்துக்கு. நாலு வருஷப் படிப்பு. இப்படிப்பட்ட கல்லூரிகளில் உட்காரவைத்து வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். எதிரே ஒரு பானை, ஒரு துணி, நாலு காய்கறி இருக்கும். அல்லது ஒரு தலைப்பைக் கொடுத்து மனதிலிருந்து வரையச் சொல்வார்கள். கையில் போட்டோ கிடையாது, கட்டம் போட நேரம் கிடையாது. ஃபைலில் இருக்கும் கையும் தேர்வுத்தாளில் இருக்கும் கையும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 35 ஆயிரம் கொடுத்தாலும் தேர்வு எழுத அந்த மையத்துக்காரர் கூட வரப்போவதில்லை.

சரி, 43 படத்துக்கு வருவோம். நான் எண்ணிப் பார்த்தேன். நடிகர், நடிகைகள் 24. சாமி 9. தென்னைமரமும் சூரியனும் படகும் உள்ள இயற்கைக் காட்சி 6. ஸ்டில் லைஃப் 3. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பில் ஒன்று.

நடிகர்கள் 24 பேரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த 24 படமும் வீண் என்று சொல்லவில்லை. பொறுமை, பென்சில் அழுத்தம், கண் இமையை ஒவ்வொன்றாகப் போடும் நிதானம் எல்லாம் அதில்தான் வந்திருக்கிறது. நானும் காலண்டர் முருகனை வரைந்து வரைந்துதான் கை பழகினேன். சிக்கல் என்னவென்றால், போட்டோவைப் பார்த்து வரையும்போது கடினமான வேலையை கேமரா முன்பே முடித்துவிடுகிறது. மேடுபள்ளமுள்ள முகத்தைத் தட்டையாக்கித் தருகிறது. நிழலுக்குள் இருக்கும் பாதி விவரத்தைக் கறுப்பாக விழுங்கிவிடுகிறது. கிட்டத்தில் வைத்து செல்போனில் எடுத்த முகமென்றால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். அதை அப்படியே வரைந்துவிட்டு "அச்சு அசல்" என்கிறோம். நேர்காணலில் இருப்பவர்களுக்கு அந்த நடிகர் எப்படி இருப்பார் என்று தெரியும். உங்கள் மகளுக்கு என்ன தெரிகிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்க நினைக்கிறார்கள்.

சாமி படங்களில் கோடு சுத்தமாக இருக்கும் ஒன்றை மட்டும் வையுங்கள். இயற்கைக் காட்சி ஆறையும் எடுத்துவிடுங்கள். துறைமுகத்துப் பக்கத்தில் வளர்ந்த பெண் வரைந்த படகு, துடுப்பும் பாயும் வைத்த காலண்டர் படகாக இருக்கிறது. உங்கள் பட்டறைக்கு வரும் ஃபைபர் போட் எங்கே போயிற்று?

அது அந்தப் பில்லில் இருக்கிறது. பிரித்துப்போட்ட இன்ஜின், பக்கத்தில் தரையில் வரிசையாக வைத்த நட்டுகள், ஸ்பானரைப் பிடித்த ஒரு கை. எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில். பேனாவை ரப்பரால் அழிக்க முடியாது என்பதால் கட்டைவிரலை மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். முதல் விரல் குட்டை, இரண்டாவது நீளம், மூன்றாவது சரியாக ஸ்பானரை அழுத்திக்கொண்டு நிற்கிறது. அந்த அழுத்தத்தில் நகம் வெளுப்பதைக்கூட ஒரு சின்ன இடைவெளி விட்டுக் காட்டியிருக்கிறாள். இது யாருடைய கை அண்ணா? உங்களுடையதா? நான் நேர்காணலில் இருந்தால் மற்ற 42 படத்தையும் மூடிவைத்துவிட்டு, இந்த ஒன்றைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

இனி வருவது மகளுக்கு. கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

பாப்பா, உன் ஸ்டில் லைஃப் இரண்டாவது படத்தில் பித்தளைக் குடம் இருக்கிறது. வாயை நீள்வட்டமாகப் போட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் அதன் இரண்டு ஓரமும் மீன் வால் மாதிரி கூராக முடிகிறது. அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்தாற்போல நேர்கோடாகப் போட்டிருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். குடம் தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் அடி நேராகத்தான் இருக்கும் என்று மூளை சொல்லியிருக்கிறது. கை அதைக் கேட்டுவிட்டது.

ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்துக்கொள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரை மடியிலிருந்து மெதுவாகக் கண் மட்டத்துக்கு உயர்த்து. மடியில் இருக்கும்போது வாய் கிட்டத்தட்ட முழு வட்டமாகத் தெரியும். உயர உயர ஒடுங்கிக்கொண்டே வந்து, கண்ணுக்கு நேரே வரும்போது ஒரே கோடாகிவிடும். இப்போது டம்ளரைக் கொஞ்சம் இறக்கி நிறுத்திப் பார். வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, உள்ளே தண்ணீரின் விளிம்பு எவ்வளவு விரிந்திருக்கிறது? கீழே இருப்பதுதான் அதிகம் விரிந்திருக்கும். அப்படியென்றால் தரையில் இருக்கும் குடத்தின் அடி, அதன் வாயைவிட வளைவாக இருக்க வேண்டும். நேர்கோடாக இருக்கவே முடியாது. வட்டம் எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரத்தில் கூர் வராது, சின்னதாகத் திரும்பும். தேர்வுக்கூடத்தில் பானையோ குடமோ வாளியோ கட்டாயம் இருக்கும் என்று வைத்துக்கொள். இந்த ஒரு பிழையை நூறு தாளில் எழுபதில் பார்க்கிறோம் என்று சொல்வேன், எண்ணிச் சொல்லவில்லை, சலிப்பில் சொல்கிறேன்.

அளப்பதற்குப் பென்சில் போதும். கையை முழுசாக நீட்டி, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சில் நுனியைக் குடத்தின் வாயில் வை. அடி எங்கே வருகிறதோ அங்கே கட்டைவிரலை நிறுத்து. அந்த உயரத்தில் அகலம் எத்தனை பங்கு என்று பார். கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதனால்தான் நீட்டச் சொல்கிறேன். இரண்டு பொருளுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தையும் ஒரு பொருளாக நினைத்து வரை. குடத்துக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் தெரியும் சுவர்த்துண்டுக்கு ஒரு வடிவம் உண்டு. அது சரியாக வந்தால் இரண்டு பக்கமும் தானாகச் சரியாகும்.

அப்புறம் மனிதர்கள். உன் படங்களில் கழுத்துக்குக் கீழே யாருக்கும் உடம்பே இல்லை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் அசைவார்கள், ஆனால் திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வருவார்கள். பையைத் தோள் மாற்றுவார்கள், இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பார்கள், மறுபடி பழைய மாதிரியே நிற்பார்கள். ஒருவருக்கு இரண்டு நிமிஷம் போதும். முகம் வேண்டாம். எந்தக் காலில் பாரம் இருக்கிறது, அதனால் எந்தப் பக்க இடுப்பு ஏறியிருக்கிறது, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று மட்டும் போடு. விடியற்காலை மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு அப்பாவோடு போ. அவருக்கு அங்கே எல்லாரையும் தெரியும், நீ வரைந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கூடையைத் தலைக்கு ஏற்றும்போது கழுத்து என்ன ஆகிறது என்று பார். சென்னை போனால் மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பின்பக்கமிருந்தும் பார். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நீ சேர நினைக்கும் அதே சென்னைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். கல்லைத் தள்ளும் நாலு பேரின் முதுகிலும் காலிலும் பாரம் எப்படி இறங்குகிறது என்பது முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்குத் தெரியாது.

காலத்தைச் சொல்கிறேன். இது ஆவணி. ஐப்பசி மழை பிடிக்கும் வரை ஞாயிற்றுக்கிழமை வெளியே போய் வரை. மழை இறங்கிவிட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்து பானை, செருப்பு, குடை, தூங்குகிற பாட்டி, கண்ணாடியில் உன் முகம். கண்ணாடி முகத்தை மூன்று தடவையாவது செய், விளக்கை ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் வைத்து. கடலோரத்து மழைக்காலத்தில் வாட்டர் கலர் காயவே காயாது, பேப்பர் அலை அலையாகத் தூக்கும். அதனால் கலர் வேலையைப் பொதுத்தேர்வுக்குப் பிறகு வைத்துக்கொள். தை, மாசியில் பொதுத்தேர்வுக்குப் படி. தினம் கால் மணி நேரம் ஸ்கெட்ச் நோட்டில் எதையாவது போட்டால் போதும், கை துருப்பிடிக்காது. தேர்வு முடிந்த பிறகு இருக்கும் வாரங்களில் பெரிய தாளில் ஐந்தாறு படங்களை நிதானமாகச் செய்யலாம்.

ஸ்கெட்ச் நோட்டிலிருந்து பக்கத்தைக் கிழிக்காதே. கேவலமாக வந்த பக்கத்தையும்தான். நோட்டை அப்படியே மேஜையில் வைக்க வேண்டியிருக்கும். நான் முதலில் அதைத்தான் புரட்டுவேன்.

கலருக்கு 24 நிறப் பெட்டி வேண்டாம். போஸ்டர் கலரில் ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு நீலம், வெள்ளை. கறுப்பு வாங்காதே. நிழலுக்குக் கறுப்பைக் கலக்கும் பழக்கம் உன் சாமி படங்களில் தெரிகிறது, அம்மன் முகத்தில் கரி பூசியது மாதிரி இருக்கிறது. நீலத்தையும் சிவப்பையும் கலந்து, கொஞ்சம் மஞ்சள் சேர்த்து உனக்கான இருட்டை நீயே செய்துகொள்.

இப்போது மறுபடி அண்ணாவுக்கு.

கடைசியில் எத்தனை படம்? அந்தந்தக் கல்லூரி கேட்கும் எண்ணிக்கைதான் கணக்கு. பல இடங்களில் 10 முதல் 20 வரை கேட்பார்கள். நான் 15 என்று வைத்துக்கொள்வேன். அதில் பாதிக்கு மேல் நேரில் பார்த்து வரைந்ததாக இருக்கட்டும். 16-வதாக நன்றாக இல்லாத ஒன்றைச் சேர்த்தால், அந்த ஒன்றைப் பற்றித்தான் கேட்பார்கள். களிமண்ணில் அவளுக்கு ஆசை இருந்தால் அதையும் செய்யட்டும். வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிறவர்களை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். செய்த பொருளை மூன்று பக்கமிருந்து போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

படங்களை லேமினேட் செய்யாதீர்கள், பளபளப்பில் ஒன்றும் தெரியாது. சுருட்டவும் வேண்டாம். தட்டையான ஃபைல், நடுவில் பட்டர் பேப்பர். சார்கோல் (கரித்துண்டு) படத்தை இன்னொன்றோடு உரசவிட்டால் இரண்டும் போச்சு. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எதில் வரைந்தது, அளவு என்ன, எந்த மாதம் என்று சின்னதாக எழுதச் சொல்லுங்கள். ஆன்லைனில் ஏற்றுவதற்கு போட்டோ எடுக்கும்போது, காலையில், வெயில் நேரடியாக விழாத திண்ணையில், படத்தைச் சுவரில் சாய்த்து, செல்போனை அதற்கு நேர் இணையாகப் பிடித்து எடுங்கள். நீங்கள் அனுப்பிய 43-ல் பாதி, ட்யூப்லைட்டுக்குக் கீழே மேலிருந்து எடுத்தவை. எல்லா முகமும் கீழே ஒடுங்கி நிற்கிறது. உங்கள் தலை நிழல் நாலு படத்தில் விழுந்திருக்கிறது.

புதுச்சேரிக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்று மட்டும் கவனம். கடலூரிலிருந்து அரியாங்குப்பம் ஒரு பஸ் தூரம்தான், ஆனால் காகிதத்தில் நீங்கள் வேறு மாநிலம். புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று உள்ளவர்களுக்குத்தான் முன்னுரிமை. வெளியாருக்கு எத்தனை இடம் என்று அந்த வருஷ அறிவிப்பில் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். சென்னையையும் கும்பகோணத்தையும் விட்டுவிடாதீர்கள்.

சோறு போடுமா என்று கேட்டீர்கள். படம் விற்று மட்டும் பிழைப்பவர்கள் குறைவு, மறைக்க ஒன்றுமில்லை. என்னோடு படித்தவர்களில் ஒருவர் துணி டிசைன் செய்கிறார், ஒருவர் சினிமாவில் கலை இயக்குநருக்கு உதவியாளர், இரண்டு பேர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் அனிமேஷன், ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மளிகைக் கடை பார்க்கிறார், சந்தோஷமாகத்தான் இருக்கிறார். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தபோது, நிலம் வாங்கப் பணம் வந்தது ஓவியத்திலிருந்து மட்டுமில்லை. மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் துணி மாதிரிக் கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். பெரிய ஓவியர்களே அப்படித்தான் கையூன்றி நின்றார்கள். உங்கள் மகளும் ஏதோ ஒரு கைத்தொழிலை ஒரு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பட்டறைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அதை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த 35 ஆயிரத்தில் வரைவதற்கான நல்ல தடித்த கார்ட்ரிட்ஜ் பேப்பர், 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு பலகை, நாலு கிளிப், கொஞ்சம் கலர் வாங்குங்கள். மிச்சம் கல்லூரி ஹாஸ்டலுக்கு ஆகும்.

கடைசியாக அந்தப் பில். பசை தடவி அட்டையில் ஒட்டிவிடாதீர்கள், தாள் மெல்லியது, சுருங்கிவிடும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சின்னத் துண்டு பேப்பர் டேப் போட்டு ஒரு வெள்ளை அட்டையில் தொங்கவிடுங்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், முன்பக்கத்து எழுத்து லேசாகத் தெரிகிறது. பாக்கி வைத்திருப்பவரின் பெயரும் போட் நம்பரும் இருக்கிறது. நேர்காணலுக்குள் அவரிடம் வசூல் பண்ணிவிடுங்கள். படத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.